அவுட்போர்டு எஞ்சினுக்கு கியர் ஆயில் மாற்றுவது: திருகு கழற்றுவதிலிருந்து கடலில் ஓட்டிப் பார்ப்பது வரை

கழற்ற வேண்டியது இரண்டே திருகு. ஏற்ற வேண்டியது, சின்ன எஞ்சினாக இருந்தால், கால் லிட்டருக்குச் சற்று முன்பின். இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று கேட்பார்கள். நான் எஞ்சின் பழுது பார்க்கிற மன்னார் வளைகுடாக் கரையில் கியர் தேய்ந்து வருகிற எஞ்சின்களில் பாதிக்கு மேல், "போன மாசம்தான் ஆயில் மாத்துனேன்" என்ற பேச்சோடுதான் வரும்.

பேச்சு பொய் கிடையாது. மேல் துளையில் ஊற்றியிருப்பார்கள், இல்லாவிட்டால் பழைய வாஷரையே திரும்பப் போட்டிருப்பார்கள். வடிந்த ஆயிலை மணலில் விட்டுவிட்டு அதன் நிறத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பைபர் படகிலும் வள்ளத்திலும் பின்பக்கம் வெளியே மாட்டுகிற 8 முதல் 40 குதிரைத்திறன் வரையிலான எஞ்சின்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். யமஹாவோ சுசுகியோ எதுவானாலும் முறை ஒன்றுதான். ஆயில் அளவும் திருகு இருக்கும் இடமும் மாறும். அதற்கு எஞ்சினோடு வந்த கையேடு வேண்டும்.

1. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு கை வையுங்கள்

எஞ்சினின் தலையிலிருந்து ஒரு ஷாப்ட் நேராகக் கீழே இறங்குகிறது. அடியில் புரொப்பெல்லர் ஷாப்ட் படுக்கையாகக் கிடக்கிறது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் பினியன் என்கிற ஒரு சின்னப் பல்சக்கரமும், அதைக் கடித்தபடி முன்னோட்டத்துக்கு ஒன்று, பின்னோட்டத்துக்கு ஒன்று என இரண்டு பெரிய கியர்களும் இருக்கின்றன. தலை இரண்டு சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஏறத்தாழ ஒரு சுற்று சுற்றும். நியூட்ரலில் நிற்கும்போதும் இந்த மூன்று கியரும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். நடுவில் இருக்கிற கிளட்ச் எந்தப் பக்கமும் கடிக்காமல் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான்.

இவ்வளவும் ஒன்றிரண்டு டம்ளர் ஆயிலுக்குள் நடக்கிறது. சுற்றிலும் உப்புத்தண்ணீர். அந்தத் தண்ணீர் உள்ளே வருவதற்கு முக்கியமாக ஐந்து வழி உண்டு: புரொப்பெல்லர் ஷாப்ட் சீல் (தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் வளையம்), மேலே தண்ணீர் பம்புக்கு அடியில் இருக்கும் நெட்டு ஷாப்ட் சீல், கியர் மாற்றும் கம்பியின் சீல், அப்புறம் நாம் கழற்றப் போகிற இரண்டு திருகுகள்.

எஞ்சின் ஓடும்போது கியர் பெட்டி சூடேறும். நிறுத்தியதும் கடல்தண்ணீர் அதைச் சட்டென்று குளிரவைக்கும். உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, வெளியிலிருந்து உறிஞ்சப் பார்க்கும். சீலோ வாஷரோ தேய்ந்திருந்தால் தண்ணீர் ஏறுவது அந்த நேரத்தில்தான். "ஓடும்போது ஒரு சொட்டு ஆயில் ஒழுகலையே, தண்ணி எப்படி வந்தது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

2. எப்போது மாற்றுவது

புது எஞ்சினுக்கு முதல் மாற்றம் சீக்கிரமே வந்துவிடும். கையேட்டில் முதல் 10 மணி நேரம் அல்லது 20 மணி நேரம் என்று இருக்கும். புதுக் கியர்கள் ஒன்றோடொன்று பழகும்போது மெல்லிய இரும்புத்தூள் உதிர்கிறது. அதை உள்ளேயே சுற்றவிடக் கூடாது. அதன் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது 6 மாதமோ ஒரு வருடமோ கையேடு சொல்கிறபடி, எது முன்னால் வருகிறதோ அப்போது.

100 மணி நேரம் என்பது, பொழுதுபோக்குக்குப் படகு வைத்திருப்பவருக்கு ஒரு வருடம் ஓடினாலும் வராது. தினம் தொழிலுக்குப் போகிறவருக்கு? ஒரு நாளைக்கு 4 மணி நேரம் எஞ்சின் ஓடினால் 25 நாள். அதாவது மாதம் ஒரு முறை. சொன்னவுடன் முகம் சுளிப்பார்கள். ஆனால் கணக்கு அதுதான்.

சின்ன எஞ்சின்களில் மணிக்கணக்கு காட்டும் மீட்டர் இருக்காது. வீட்டுக் காலண்டரில் கடலுக்குப் போன நாளில் ஒரு கோடு போட்டுக்கொண்டு வாருங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான முறை இல்லை.

கணக்குக்கு வெளியேயும் சில நாட்கள் உண்டு. புரொப்பெல்லரில் வலையோ தங்கூசியோ (நைலான் தூண்டில் நரம்பு) சுற்றிக்கொண்டால், எஞ்சினின் கால் (தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற அடிப்பகுதி) பாறையில் அடித்தால், படகு கவிழ்ந்து எஞ்சின் முழுகினால், உடனே பார்க்க வேண்டும். அதேபோல் புயல் காலத்தில் படகைக் கரையேற்றி வாரக்கணக்கில் போடப் போகிறீர்கள் என்றால், ஆயிலை மாற்றிவிட்டுப் போடுங்கள். திரும்ப இறக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், உள்ளே தேங்கிய தண்ணீர் அத்தனை வாரமும் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும்.

3. முன்னாடியே எடுத்துவைக்க வேண்டியவை

முதலில் ஆயில். இந்த எஞ்சின்கள் பலவற்றுக்கும் கையேடு சொல்வது எஸ்ஏஇ 90 ஹைபாய்டு கியர் ஆயில். ஜிஎல்-4 தரமா, ஜிஎல்-5 தரமா என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். கையேட்டில் இருப்பதையே வாங்குங்கள். கடல் எஞ்சினுக்கென்றே விற்கிற ஆயிலில், கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் கியரைத் துருவிலிருந்து காக்கிற சேர்மானம் உண்டு. அதுதான் நல்லது. கிடைக்கவில்லையென்றால் கையேடு சொல்கிற அதே எண்ணும் தரமும் உள்ள வண்டிக் கியர் ஆயிலைப் போட்டு ஓட்டலாம், ஆனால் கெடுவுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

கடையில் "கியர் ஆயில் கொடுங்க" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். 140 என்று ஒரு கெட்டியான ஆயில் லாரிகளுக்கு வரும்; அதைக் கையில் கொடுத்துவிடுவார்கள். "கெட்டியா இருந்தா நல்லதுதானே" என்று நினைப்பது தப்பு. இந்தப் பெட்டியில் இருப்பவை சின்னச் சின்ன பேரிங்குகள். அவ்வளவு கெட்டியான ஆயில் அந்த இடுக்குகளுக்குள் நேரத்துக்குப் போய்ச் சேராது. பெட்ரோலில் கலக்கிற 2டி ஆயிலை இங்கே ஊற்றினவர்களையும் பார்த்திருக்கிறேன். டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பது காரணம் ஆகாது.

அடுத்தது, இரண்டு திருகுக்கும் இரண்டு புது வாஷர். ஒரு டீ விலைக்குள் அடங்குகிற பொருள். இது இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். பழைய வாஷர் ஒரு முறை நசுங்கிய தடத்திலேயே திரும்ப உட்காராது. அந்த மயிரிழை இடைவெளி போதும், உப்புத்தண்ணீர் உள்ளே போக.

கையால் அமுக்குகிற கியர் ஆயில் பம்பு ஒன்று வேண்டும். அதன் முனையில் இருக்கிற மரை உங்கள் எஞ்சினின் கீழ்த்துளையில் ஏற வேண்டும். மரை அளவு கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், எனவே பழைய திருகைக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். டியூப்பிலேயே வருகிற ஆயில் கிடைத்தால் பம்பு தேவையில்லை. டியூப்பைப் பிழிந்தே ஏற்றலாம்.

மற்றவை: திருகின் வெட்டில் ஆடாமல் உட்காருகிற அகலமான ஸ்குரூ டிரைவர், சுத்தியல், கட்டிங் பிளையர், வெள்ளை நிறத்தில் ஒரு தட்டு, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று, வெள்ளைத் துணி, சின்னக் காந்தம், துருப்பிடிக்காத புது காட்டர் பின் (புரொப்பெல்லர் நட்டு கழலாமல் கோர்க்கிற ஊசி), கடல் தண்ணீருக்குத் தாங்கும் கிரீஸ். தட்டும் துணியும் ஏன் வெள்ளை என்பது 7ஆம் படியில் புரியும்.

4. எஞ்சினை நிமிர்த்தி நிறுத்துங்கள்

2 ஸ்ட்ரோக் 8 குதிரைத்திறன் எஞ்சின் 25 முதல் 30 கிலோவுக்குள்தான் இருக்கும். படகிலிருந்து கழற்றி மர ஸ்டாண்டில் மாட்டிவிடுங்கள். குனிந்து மணலில் மல்லுக்கட்ட வேண்டாம். தோளில் தூக்கி வரும்போது தலைப்பக்கம் எப்போதும் மேலே இருக்கட்டும். கால் உயர்ந்து தலை தாழ்ந்தால், காலில் தேங்கிய தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாக சிலிண்டருக்குள் இறங்கும்.

40 குதிரைத்திறன் எஞ்சினைப் படகிலேயே வைத்துத்தான் செய்தாக வேண்டும். கரைச் சரிவில் படகும் சரிந்து கிடக்கும், அதோடு எஞ்சினும் சரியும். எஞ்சினை ஏற்றி இறக்கும் கொண்டியில் சரிசெய்து, கால் செங்குத்தாக நிற்கிறதா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். அடியில் மணலைத் தோண்டி, தட்டு வைக்க இடம் பண்ணுங்கள். சரிந்து நின்றால் பழைய ஆயில் முழுதும் வடியாது. புது ஆயிலின் மட்டமும் பொய்யாகக் காட்டும்.

காலையிலேயே செய்யுங்கள். மதியத்துக்கு மேல் காற்று ஏறினால் மணல் பறக்கும். திறந்த துளையும் கிரீஸ் பூசிய ஷாப்ட்டும் அதை அப்படியே பிடித்துவைத்துக்கொள்ளும்.

கை வைப்பதற்கு முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள், கியரை நியூட்ரலில் வையுங்கள். பின்னால் புரொப்பெல்லரைக் கையால் சுற்றப் போகிறோம். கியரில் இருந்து, பிளக் வயரும் மாட்டியிருந்தால் எஞ்சின் உதைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

5. ராத்திரி முழுக்க நின்ற ஆயிலிடம் முதலில் கேளுங்கள்

வெளிநாட்டு வீடியோக்களில் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கிவிட்டு ஆயிலை வடிப்பார்கள். குளிர் ஊரில் ஆயில் உறைந்தமாதிரி கிடக்கும், அவர்களுக்கு அது சரி. நம் கரையில் ஆயில் இளகியேதான் இருக்கிறது. நான் நேர்மாறாகச் செய்கிறேன்: முந்தின நாள் சாயங்காலமே நிமிர்த்தி நிறுத்திவிட்டு, காலையில் அசைக்காமல் தொடங்குகிறேன்.

ஆயிலைவிடத் தண்ணீர் கனம். ஒரு ராத்திரி நின்றால் கலங்காத தண்ணீர் பிரிந்து அடியில் தங்கிவிடும். மேல் திருகைத் தொடாமல் கீழ்த் திருகை மட்டும் (எது என்று 6ஆம் படியில் இருக்கிறது) இரண்டு சுற்று இளக்குங்கள். மேலே மூடியிருப்பதால் ஆயில் கொட்டாது, சில சொட்டுகள்தான் வரும். முதல் சொட்டுகள் வெள்ளைத் தட்டில் தெளிந்த தண்ணீராக விழுந்தால் உங்கள் வேலை ஆயிலோடு முடியாது, சீலையும் பார்க்க வேண்டும்.

அப்படியும் ஓட்டிச் சூடாக்கித்தான் வடிப்பேன் என்றால், டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதில் காலை முழுக்கி ஓட்டுங்கள். தண்ணீரில்லாமல் ஒரு தடவை சும்மா இழுத்து ஓட்டினாலும் தண்ணீர் பம்புக்குள் இருக்கிற ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரை இழுக்கிற சக்கரம்) கருகிவிடும்.

6. சரியான திருகைத்தான் கழற்றுகிறீர்களா?

காலின் பக்கவாட்டில் இரண்டு திருகுகள் தேட வேண்டும். ஒன்று, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டுக்குச் சற்று மேலே, குண்டான பகுதியில்; இது வடிகால். இன்னொன்று அதற்கு மேலே, தண்ணீருக்குள் கிடைமட்டமாக நிற்கும் தகட்டை ஒட்டி. இது ஆயில் மட்டம் காட்டுவது. இரண்டும் அகலமான தலையோடு இருக்கும்.

பக்கத்தில் வேறு திருகுகளும் இருக்கலாம். பழைய ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்கள் சிலவற்றில் வடிகாலுக்குப் பக்கத்திலேயே நட்சத்திர வெட்டுள்ள ஒரு திருகு இருக்கிறது. அது கியர் மாற்றும் தொட்டிலைத் தாங்குகிற அச்சு. ஆயில் திருகு என்று நினைத்து அதைக் கழற்றினால் உள்ளே தொட்டில் சரிந்துவிடும்; அப்புறம் காலையே பிரித்தாக வேண்டும். சந்தேகம் வந்தால் கையேட்டுப் படத்தைப் பாருங்கள், திருகித் தெரிந்துகொள்ள வேண்டாம்.

இன்னொரு விதி: ஆயிலை வடிப்பதற்கு முன் இரண்டு திருகும் இளகுகிறதா என்று பார்த்துவிடுங்கள். கீழ்த் திருகு கழன்று ஆயிலும் வடிந்த பிறகு மேல் திருகு வராமல் அடம்பிடித்தால், ஆயிலில்லாத எஞ்சினை வைத்துக்கொண்டு நிற்பீர்கள்.

உப்பில் இறுகிய திருகை வெறும் கைபலத்தில் திருகினால் வெட்டு சிதையும். ஸ்குரூ டிரைவரை வெட்டில் நேராக வைத்து, அதன் தலையில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுங்கள். மரையில் பிடித்த உப்பு உடைந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால், சுத்தியலால் அடித்தால் திருகுகிற இம்பாக்ட் டிரைவர் மோட்டார் பைக் மெக்கானிக் கடையில் இரவல் கிடைக்கும். கால் அலுமினியம் என்பதை மறக்காதீர்கள். வெட்டு சிதைந்தாலும் வேறு திருகு வாங்கிக்கொள்ளலாம், காலின் மரை சிதைந்தால் செலவு வேறு மாதிரி.

7. வடித்து, வடிந்ததைப் படியுங்கள்

தட்டை வைத்து, முதலில் கீழ்த் திருகை முழுதும் எடுங்கள், அப்புறம் மேல் திருகை எடுங்கள். மேலே திறந்ததும் காற்று உள்ளே போகும், ஆயில் கயிறு போல இறங்கும். கால் மணி நேரம் விடுங்கள். கடைசியில் புரொப்பெல்லரைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினால் பேரிங்குக்குள் தங்கியதும் வரும்.

அதுவரை கீழ்த் திருகைப் பாருங்கள். பல எஞ்சின்களில் அதன் நுனி காந்தமாக இருக்கும். சாம்பல் நிறத்தில் சந்தனம் அரைத்த மாதிரி மெல்லிய பசை ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். விரலில் தேய்த்துப் பாருங்கள்: வழவழவென்று இருந்தால் கவலை வேண்டாம். நறநறவென்றிருந்தாலோ, ஊசிநுனி போலச் சில்லுகள் குத்தினாலோ கியர்ப் பல்லோ கிளட்ச் முனையோ உடைய ஆரம்பித்துவிட்டது. எஞ்சினை வேகமாக ஓட்டிக்கொண்டே கியர் மாற்றுகிறவர்கள் எஞ்சினில் கிளட்ச் முனைதான் முதலில் போகும். காந்த நுனி இல்லாத எஞ்சினுக்கு, தட்டில் கிடக்கிற ஆயிலில் சின்னக் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து நிறம். புது ஆயிலைவிடக் கொஞ்சம் கறுத்திருந்தால் சரி. கன்னங்கரேலென்று, தீய்ந்த வாடை அடித்தால் ஒன்று நாள் தாண்டிவிட்டது, அல்லது ஆயில் அளவு குறைந்து ஓடியிருக்கிறது. பால் ஊற்றின டீ மாதிரி இருந்தால் தண்ணீர் ஏறி, கியர் அதைக் கடைந்து ஆயிலோடு கலந்துவிட்டது. இந்தப் பால்நிறம் மணலில் விழுந்தால் தெரியாது, கறுப்புத் தட்டிலும் சரியாகத் தெரியாது. வெள்ளைத் தட்டு கேட்டது இதற்குத்தான்.

மூன்றாவதாக அளவு. இதை யாரும் செய்வதில்லை; எனக்கு மிகவும் உதவுவது இதுதான். வடிந்ததை அந்த அரை லிட்டர் பாட்டிலில் ஊற்றி மட்டத்தில் பேனாவால் கோடு போடுங்கள். போன தடவை ஏற்றினதைவிடக் குறைவாக வந்தால் எங்கோ ஒழுகுகிறது. அதிகமாக வந்தால் மிச்சம் தண்ணீர்தான், வேறொன்றும் இருக்க முடியாது. பாட்டிலை ஒரு நாள் ஓரமாக வைத்தால், கலங்காமல் இருந்த தண்ணீர் அடியில் பிரிந்து எவ்வளவு என்று காட்டும்.

பால்நிறம் கண்டவுடன் பயந்து எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். முதலில் சந்தேகப்பட வேண்டியது வாஷர். புது வாஷரோடு புது ஆயில் போட்டு 5 மணி நேரம் ஓட்டி, ஒரு ராத்திரி நிறுத்திப் பாருங்கள். மறுபடியும் பால்நிறம் என்றால் சீல்தான். மெக்கானிக்கிடம் கொடுத்தால் மேல் துளை வழியாக 10 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழி வருகிறது என்று பார்ப்பார். அதைவிட அதிகக் காற்று ஏற்றச் சொல்லாதீர்கள், நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

இன்னொன்று: மண்ணெண்ணெய் ஊற்றி உள்ளே அலசாதீர்கள். எஞ்சினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் கையில் இருக்கும், ஆசையாகவும் இருக்கும். ஆனால் அது முழுதும் வெளியே வராது. தங்கியது புது ஆயிலை நீர்க்கச் செய்துவிடும்.

8. ஆயில் வடிகிற நேரத்தில் புரொப்பெல்லரைக் கழற்றுங்கள்

காட்டர் பின்னை நிமிர்த்தி எடுங்கள், நட்டைக் கழற்றுங்கள். புரொப்பெல்லர் திரும்பாமலிருக்க இறக்கைக்கும் மேலே இருக்கிற தகட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை வையுங்கள். வருகிற வளையங்களைக் கழற்றின வரிசையிலேயே துணியில் பரப்புங்கள். முன்பக்கம் பார்த்தது எது என்று திசையும் மாறக் கூடாது. போன் இருந்தால் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

தேடுவது தங்கூசி. மெல்லிய தங்கூசி ஷாப்ட்டைச் சுற்றினால் வெளியிலிருந்து தெரியவே தெரியாது. சுற்றச் சுற்ற உள்ளே இழுபட்டு, சூட்டில் இளகி, சீலின் ரப்பர் உதட்டுக்கு அடியில் கத்தி மாதிரி இறங்கும். சீல் போவதற்கு நான் பார்த்த காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். இருந்தால் கத்தியால் கீறி எடுக்காதீர்கள், ஷாப்ட்டில் கீறல் விழுந்தால் புது சீலும் நிற்காது. நுனியைப் பிடித்து, சுற்றின திசைக்கு எதிராகப் பிளையரால் இழுத்து எடுங்கள்.

ஷாப்ட்டைத் துடைத்து, பற்களில் கிரீஸ் பூசி, வரிசைப்படி மாட்டுங்கள். பழைய காட்டர் பின்னைத் திரும்ப வளைக்காதீர்கள். நடுக்கடலில் அது உடைந்தால் நட்டும் புரொப்பெல்லரும் சேர்ந்தே போய்விடும்.

9. கீழிருந்து ஏற்றுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் சரியாகச் செய்தால் மற்றதில் கொஞ்சம் பிசகினாலும் எஞ்சின் பிழைத்துக்கொள்ளும்.

ஆயில் கீழ்த்துளை வழியாகத்தான் ஏற வேண்டும். மேலே ஊற்றினால் கெட்டியான ஆயில் துளையை அடைத்துக்கொள்ளும், உள்ளே இருக்கிற காற்று வெளியேற வழியில்லாமல் கியர்களுக்கு நடுவே சிக்கிவிடும். கொஞ்சம் போனதுமே மேல் துளையில் வழிய ஆரம்பிக்கும். "நிறைஞ்சிருச்சு" என்று மூடிவிடுவார்கள். உள்ளே பாதி கூட இருக்காது. கீழிருந்து ஏற்றும்போது ஆயில் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டே போய் மேல் துளை வழியாக வெளியேற்றுகிறது.

இரண்டு துளையின் விளிம்பையும் வெள்ளைத் துணியால் துடையுங்கள். அப்போதே பழைய வாஷர் இரண்டும் எங்கே என்று எண்ணுங்கள். திருகோடு வராமல் துளையின் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு, அலுமினிய நிறத்தில் அலுமினியமாகவே நின்றுவிடும். நானே ஒரு முறை இதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புது வாஷரைப் போட்டு இறுக்கியிருக்கிறேன். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வாஷர் இருந்தால் இறுக்கினது போலவே இருக்கும், இறுகாது. பத்தாம் நாள் வடித்தபோது டீ நிறம். மூன்று நாள் சீலைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் விரல்நகத்தால் பள்ளத்தைச் சுற்றித் தடவிப் பார்க்காமல் புது வாஷர் போடுவதில்லை.

பம்பின் முனையைக் கீழ்த்துளையில் மரையேற்றி, நிதானமாக அமுக்குங்கள். அவசரப்பட்டால் ஆயிலோடு காற்றும் கலந்து ஏறும். மேல் துளையில் முதலில் குமிழியாக வரும், அப்புறம் நுரையோடு வரும், கடைசியில் குமிழி இல்லாத ஆயில் ஒரே சீராக வழியும். முதல் குமிழியிலேயே நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். சீராக வழிந்த பிறகும் நாலைந்து நிமிடம் பொறுத்து, புரொப்பெல்லரை மெல்லச் சுற்றிவிட்டு, இன்னும் இரண்டு அமுக்கு அமுக்குங்கள். பேரிங் இடுக்கில் இருந்த காற்று அதில்தான் வெளியே வரும்.

எவ்வளவு ஏறியது என்பதைக் கையேட்டு அளவோடு ஒப்பிடுங்கள். நன்றாகக் குறைந்தால் பழைய ஆயில் முழுதும் வடியவில்லை, அல்லது காற்று தங்கியிருக்கிறது.

10. மூடும் வரிசை

திறக்கும்போது கீழ்த் திருகு முதலில். மூடும்போது மேல் திருகு முதலில்.

பம்பைக் கீழ்த்துளையிலேயே விட்டுவிட்டு மேல் திருகைப் புது வாஷரோடு போட்டு இறுக்குங்கள். இப்போது மேலே காற்று நுழைய வழியில்லை. விரலால் வாயை மூடிய ஸ்டிராவில் ஜூஸ் நிற்பது போலப் பெட்டிக்குள் ஆயில் நிற்கும். கீழ்த் திருகில் புது வாஷரைக் கோர்த்து ஒரு கையில் தயாராக வைத்துக்கொண்டு, மறு கையால் பம்பைக் கழற்றி, உடனே திருகைப் போடுங்கள். ஒரு ஸ்பூன் அளவு சிந்தும்; பரவாயில்லை.

இதையே தலைகீழாகச் செய்து, மேல் துளை திறந்திருக்கும்போது பம்பை எடுத்தால் ஏற்றினதெல்லாம் கொட்டும். பதறிப்போய் திருகைக் கோணலாக மரையேற்றுவார்கள். அலுமினிய மரை போவது பெரும்பாலும் அந்தப் பதற்றத்தில்தான்.

முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். தடங்கினால் கழற்றி மறுபடி தொடங்குங்கள். இறுக்கத்துக்கு யமஹா எஞ்சின்கள் பலவற்றில் சொல்லியிருப்பது 9 நியூட்டன் மீட்டர் அளவுதான். ஸ்குரூ டிரைவர் பிடியை ஒரு கையால் பிடித்து நன்றாகத் திருகி நின்ற இடத்தோடு விட்டுவிடுங்கள். அதன் மேல் ஸ்பானர் மாட்டி ஏறி நிற்க வேண்டாம்.

11. துடைத்து, ஓட்டி, மறுபடி பாருங்கள்

எஞ்சினின் கால் முழுவதையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். அழகுக்காக இல்லை. பழைய ஆயில் ஒட்டியிருந்தால், நாளை தெரிகிற ஈரம் புது ஒழுக்கா, பழைய சிந்தலா என்று சொல்ல முடியாது.

பிளக் வயரை மாட்டி, டிரம்மிலோ கரையோரத் தண்ணீரிலோ 10 நிமிடம் ஓட்டி, முன் கியருக்கும் பின் கியருக்கும் சில முறை மாற்றுங்கள். நிறுத்திய பிறகு தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலம் விரிகிறதா என்று காலைச் சுற்றிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் வழியாக 2டி ஆயிலும் கொஞ்சம் படலம் போடும். அது சிதறலாகப் பரவும். திருகில் ஒழுகினால் ஒரே புள்ளியிலிருந்து நூல் போலக் கிளம்பும். எஞ்சினைத் தூக்கி, இரண்டு திருகையும் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

வடித்த பழைய ஆயிலைக் கடலிலோ மணலிலோ ஊற்றாதீர்கள். மூடி போட்டு, பக்கத்து மோட்டார் பைக் பட்டறையில் பழைய ஆயில் சேர்க்கிற டிரம்மில் ஊற்றிவிடுங்கள். அங்கிருந்து சேகரிக்க ஆள் வருவார். தண்ணீர் கலந்த ஆயில் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எஞ்சின் மூடியின் உட்பக்கம் மார்க்கரால் தேதியும், ஏற்றின ஆயிலின் அளவும், வடிந்ததன் நிறமும் எழுதுங்கள். அடுத்த தடவை ஒப்பிட அது வேண்டும். நாலைந்து தடவை கடலுக்குப் போய்வந்த பிறகு, ஒரு ராத்திரி நிறுத்தி, காலையில் 5ஆம் படியில் சொன்னபடி கீழ்த் திருகை மட்டும் இரண்டு சுற்று இளக்கி நாலு சொட்டு பாருங்கள். ஆயில் நிறத்திலேயே வந்தால் திருகை இறுக்கிவிட்டுப் படகை இறக்கலாம்.